உன் அம்மாவுக்கு இப்போது என்ன வயது?

நியூசிலாந்தின் ஒக்லாந்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிற எல்லோரும் ட்ரைவருக்கு நன்றி சொல்கிறார்கள். பின்கதவால் இறங்குகிறவர்கள்கூட முழு பஸ்ஸுக்கும் கேட்கும்படி உரத்துச் சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், வெறுங்காலோடு திரியும் இளைஞர்கள், கடைப் பைகளோடு தடுமாறும் கிழவர்கள், ஒருவரும் மிச்சமில்லை. வந்த புதிதில் இது எனக்குப் பெரிய விநோதமாக இருந்தது. ஏனென்றால் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து நேரே இங்கே வந்தவர்கள் அல்ல. நடுவில் ஒன்பது வருடம் டென்மார்க்கில், யூலாந்துப் பகுதியின் ஒரு சிறு பட்டினத்தில், அகதிகளாகப் போய்ப் பிரஜைகளாகி வாழ்ந்தோம். அங்கே பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. யன்னலோரம் இருப்பவர் இறங்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் வழி கேட்கமாட்டார். கையுறையை மாட்டுவார். பையை ஒருமுறை திறந்து மூடுவார். கழுத்துத் துண்டைச் சரிசெய்வார். அதைக் கண்டு மற்றவர் எழும்பிவிட வேண்டும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஒரு பனிக்காலத்தில் ஒரு மனிதர் என்னால் தன் பஸ் தரிப்பைத் தவறவிட்டு, அடுத்த தரிப்பில் முகம் சிவக்க இறங்கிப் போனபோதுதான் நானாக விளங்கிக்கொண்டேன்.

அதனால்தான் இங்கர் ஒரு டேனிஷ்காரி என்று என்னால் அடையாளம் காண முடிந்தது. ஒக்லாந்துக்கு வந்த இரண்டாம் வருடம். நியூ லின் கடைத்தொகுதியில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. வேலை முடிந்து வீடு திரும்பும் பஸ்ஸில் நான் ஓரத்து இருக்கையில் இருந்தேன். யன்னல் பக்கம் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண். எங்கள் தரிப்புக்கு முந்திய வளைவில் அவர் கைப்பையைத் திறந்து மூடினார். மேற்சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். வேறு யாராக இருந்தாலும் சிரித்து, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி, வழி கேட்டிருப்பார்கள். இவர் வாய் திறக்கவில்லை. என்னைக் கேளாமலே என் கால்கள் எழும்பின. வாயும் டேனிஷ் மொழியில், "நீ இங்கேயா இறங்குகிறாய்?" என்று கேட்டுவிட்டது. அவர் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கதவு திறந்துவிட்டது, ட்ரைவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாற்பது வருடமாக இந்த ஊர் பஸ்ஸில் ஒருவரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை" என்றார். இறங்கி நடைபாதையில் நின்ற பிறகு, கொஞ்சம் கண்டிப்போடு இன்னொன்றும் சொன்னார். "ஆனால் நாம் அறிமுகமாகாதவர்கள். நீங்கள் என்று சொல்வதுதான் முறை."

அவர் புறப்பட்டு வந்த காலத்து டென்மார்க்கில் அந்நியரை 'நீங்கள்' என்றுதான் அழைத்தார்களாம். நான் வாழ்ந்த டென்மார்க்கிலோ அரசாங்க அலுவலரையும் 'நீ' என்றுதான் சொல்ல வேண்டும். 'நீங்கள்' என்றால் கேலி செய்வதாக நினைப்பார்கள். அவருடைய நாடும் என்னுடைய நாடும் ஒன்றல்ல. ஆனால் எழுதப்படாத அந்தச் சட்டங்கள் மட்டும் இருவருக்கும் பொதுவாக இருந்தன.

அந்தச் சட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் மொழிப் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் கற்றுத் தந்தார்கள். வரிப் படிவம் நிரப்பக் கற்றுத் தந்தார்கள். இவற்றைக் கற்றுத் தரவில்லை. குடிபோன முதல் மாதம் நான் ரோல்ஸும் வடையும் பொரித்து அடுத்த வீட்டுப் பெண்ணைக் கோப்பிக்குக் கூப்பிடப் போனேன். அவர் சின்னக் கலண்டர் புத்தகமொன்றை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டி, மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமையைச் சொன்னார். என் கையில் வடைத்தட்டு ஆறிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை, ஒரு விருந்தில், என் மகள் நிரோஷி நாலு வயதிலேயே வாசிக்கிறாள் என்று சந்தோஷமாகச் சொன்னேன். மேசை முழுவதும் மௌனமாகிப் போனது. தன் பிள்ளையையோ தன்னையோ மற்றவருக்கு மேலே வைத்துப் பேசுவது அங்கே அசிங்கம். ஒருவரைச் சந்தித்துவிட்டு, மறுபடி எப்போது கண்டாலும், அது ஆறு மாதம் கழித்தாக இருந்தாலும், "போன தடவைக்கு நன்றி" என்று சொல்ல வேண்டும். "தாக் ஃபோ சிஸ்ட்" என்பார்கள். நான் இரண்டு வருடம் அதைச் சொல்லாமல் இருந்து நல்ல சிநேகிதங்களைக் கெடுத்துக்கொண்டேன். சம்பளம், சாமி, நோய் வருத்தம் மூன்றையும் பற்றி மற்றவரிடம் கேட்கவே கூடாது. பிழை விட்டால் ஒருவரும் திருத்தமாட்டார்கள். முகம் மட்டும் ஒரு நூல் அளவு விலகும். அந்த நூல் அளவைக் கண்டுபிடிக்க நான் ஒன்பது வருடம் பழகினேன். கண்டுபிடித்தபோது ஏதோ பட்டம் வாங்கியது போலப் பெருமையாக இருந்தது.

இங்கர் வீட்டுக்கு நான் முதல்முறை போனது பஸ்ஸில் சந்தித்துப் பதினேழு நாள் கழித்து, வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. ஐந்து நிமிடம் முந்திப் போய்விட்டதால் தெருமுனையில் நின்று, மூன்றடிக்க மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவரின் கண்ணில் ஒரு திருப்தி தெரிந்தது. அதன்பிறகு ஒவ்வொரு வியாழனும் எங்கள் நாளாகிவிட்டது. அன்று எனக்குக் கடையில் அரைநாள். இங்கருக்கு அறுபத்தெட்டு வயது. கணவர் ஸ்வென், பால் தொழிற்சாலையில் வேலை செய்தவர், இறந்து ஆறு வருடம். ஒரே மகன் லார்ஸ் அவுஸ்திரேலியாவில், பேர்த்தில். மகன் இந்த ஊர்ப் பிள்ளைகளோடு ஒன்றாகிவிட வேண்டுமென்று அவரோடு டேனிஷ் பேசாமலே வளர்த்தார்களாம். ஸ்வென் போன பிறகு அந்த மொழியைப் பேச ஆள் இல்லாமல் பூனையோடு பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பூனையும் செத்துவிட்டது.

என் தாயின் வயதை ஒத்த ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஊர் வழக்கப்படி அன்ரி என்பது போல, டேனிஷில் "தான்டெ இங்கர்" என்று ஒருநாள் கூப்பிட்டேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு, "நான் உன் தாயின் தங்கை இல்லையே" என்றார், கோபமில்லாமல், ஒரு தகவலாக. வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் அன்ரன் சிரித்தார்.

"ஒருத்தரோடயும் வாய்விட்டுக் கதைக்க ஏலாத ஊரெண்டு சொல்லி டென்மார்க்கிலயிருந்து வெளிக்கிட்டம். நீர் அதைத் தேடிப் பிடிச்சு, வியாழனுக்கு வியாழன் போய்க் கோப்பி குடிச்சிட்டு வாறீர்."

அன்ரனுக்கு டென்மார்க் பிடிக்காமலே போனது. எனக்கு அப்படியில்லை. ஊரில் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்பார்கள். கலியாணமாகி எத்தனை மாதம், இன்னும் ஏன் ஒன்றும் இல்லை, யாரிடம் காட்டினீர்கள். அதற்குப் பிறகு டென்மார்க்கின் மௌனம் எனக்குக் குளிர்ந்த நீர் போல இருந்தது. அதை நான் மரியாதை என்று நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன்.

அடுத்த வருடம் ஈஸ்டர் முடிந்த கையோடு இங்கர் ஒரு வியாழனை ரத்துச் செய்தார். தொலைபேசியில் ஒரே வசனம்: இந்தக் கிழமை வசதியில்லை. காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அதற்கடுத்த வியாழன் போனபோது மேசையில் ஆஸ்பத்திரிக் கடிதமொன்று கிடந்தது. அவர் அதன்மேல் பத்திரிகையை வைத்தார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். கேக்கை வெட்டிக்கொண்டே, குரல் மாறாமல் சொன்னார். "எனக்கு மார்பில் அது வந்திருக்கிறது. வெட்ட வேண்டுமாம், பிறகு மருந்து ஏற்ற வேண்டுமாம். இன்னொரு துண்டு எடுத்துக்கொள்கிறாயா?"

நான் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்திலும் நாங்கள் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'அந்த வருத்தம்' என்போம். என் அம்மாவுக்கும் மார்பில்தான் வந்தது. அவர் ஏழெட்டு மாதம் ஒருவருக்கும் சொல்லாமல், சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு திரிந்தார். வெட்கம். குளிக்க வார்த்துவிடப் போன நான்தான் கண்டேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. டொக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போய் வெட்ட வேண்டும் என்றார். திகதியும் தந்தார்கள். அந்தக் கிழமை ஊரடங்கு போட்டார்கள். பிறகு எடுத்தார்கள்; பிறகு றோட்டில் கண்ணிவெடி; மறுபடி ஊரடங்கு. இரண்டு முறை கார் பிடித்துப் பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டோம். இரண்டாம் முறை ஒரு சிப்பாய் காருக்குள் எட்டிப் பார்த்து, அம்மாவின் மடியிலிருந்த உடுப்புப் பையைத் துவக்கு முனையால் கிளறினான். அதற்குப் பிறகு அம்மா வெளிக்கிட மறுத்துவிட்டார். அயலூரில் ஒரு பரியாரியார், நாட்டு வைத்தியர், இருந்தார். சீந்தில், வேப்பம்பட்டை, சுக்கு, மல்லி, இன்னும் இரண்டு மூன்று வேர்கள் சேர்த்துக் கசாயம் வைக்கச் சொன்னார். "இது வருத்தத்தை மாத்தும் எண்டு நான் சொல்லமாட்டன், பிள்ளை. சாப்பாடு செல்லும், நித்திரை வரும்" என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். நேர்மையான மனிதர். ஆனால் வீட்டில் ஒருவரும் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. மாறும் மாறும் என்றே சொன்னோம். என்ன வருத்தம் என்றும் சொல்லவில்லை. பதினொரு மாதம் நான்தான் காய்ச்சிக் கொடுத்தேன். அம்மாவுக்குச் சாப்பாடு கொஞ்சம் சென்றது. கொஞ்சம் நித்திரை வந்தது. பிறகு செத்துப்போனார்.

இங்கர் வீட்டிலிருந்து அன்று நடந்து வரும்போது எனக்கு ஞாபகம் வந்தது அந்தச் சாவல்ல, அந்தக் கொஞ்சச் சாப்பாடும் கொஞ்ச நித்திரையும்தான். இங்கர் மெலிந்திருந்தார். கேக் தட்டில் அவருடைய துண்டு தொடப்படாமல் இருந்தது. அன்ரனின் அக்கா சென்னையிலிருந்து வந்தபோது கொண்டுவந்த மூலிகைப் பொட்டலம் ஒன்று என்னிடம் இருந்தது. விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் அதை முகர்ந்து பார்த்து, "இது சாப்பாடா மருந்தா?" என்று கேட்டாராம். அக்கா, "வீட்டுச் சாமான்" என்றாராம். பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டிருந்தார்கள். மிச்சத்தைப் பாபடோயிட்டோய் என்ற புறநகரில் ஒரு பீஜி இந்தியரின் கடையில் வாங்கி, ஒரு போத்தல் கசாயம் காய்ச்சி, அடுத்த வியாழன் சுடுநீர்க் குடுவையில் கொண்டுபோனேன்.

அங்கே நடந்த பேச்சு சொல்லுக்குச் சொல் எனக்கு மனப்பாடம்.

"இது என்ன?" என்று இங்கர் கேட்டார்.

"எங்கள் ஊர்ச் செடிகள். கசக்கும்."

"எதற்கு?"

பசிக்கு, நித்திரைக்கு என்று விளக்க நினைத்தேன். டேனிஷில் 'பசியைத் தூண்டும்' என்பதற்குச் சொல் வரவில்லை. "டெ யெல்பர்" என்றேன். உதவும் என்று பொருள். கைவைத்தியத்துக்குப் பாட்டி சொல்வதும் அதையே, பத்திரிகையில் மாத்திரை விளம்பரம் சொல்வதும் அதையே.

"யார் சொன்னது?"

"என் அம்மா குடித்தார். இதே வருத்தத்துக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அம்மாவுக்கு என்ன ஆனது என்று அவர் கேட்கவில்லை. மற்றவர் வீட்டு வருத்தத்தைத் தோண்டிக் கேட்பது அவருடைய முறையல்ல. நானும் சொல்லவில்லை, வருத்தக்காரரின் முன்னால் சாவைச் சொல்வது எங்கள் முறையல்ல. அவர் கோப்பையை எடுத்து, கண்ணை மூடி, ஒரே மூச்சில் குடித்து முடித்தார். "தாக்" என்றார்.

அதற்குப் பிறகு கிழமைக்கு மூன்று முறை கொண்டுபோனேன். அவருடைய வீட்டுக்கு வேறு நாட்களில் போகவும் எனக்கு அனுமதி கிடைத்தது. ஆஸ்பத்திரி பற்றி ஒரேயொரு முறை, மறைமுகமாக, "மற்றதெல்லாம்?" என்று கேட்டுப் பார்த்தேன். "அது ஒழுங்காகிவிட்டது" என்றார். அந்த வார்த்தையோடு நான் திருப்திப்பட்டுக்கொண்டேன். குளிர்காலம் முழுவதும் அவர் உண்மையில் தெளிந்து வந்தது போலத் தெரிந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. தோட்டத்தில் உருளைக்கிழங்கு நட்டார். எனக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது, அதை மறைப்பதில் பயனில்லை. நிரோஷியிடம்கூடச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில், "பட் அம்மா, ஷி இஸ் ஸீயிங் எ டொக்டர், ரைட்?" என்றாள். பதினொரு வயதுப் பிள்ளை கேட்ட கேள்வியை அன்ரனும் கேட்டார்.

"ஒப்பரேசன் முடிஞ்சுதோ? நீர் கேட்டனீரோ?"

"ஒழுங்காயிட்டுது எண்டு சொன்னவ."

"ஒழுங்காயிட்டுது எண்டா என்ன? வெட்டினவையோ, இல்லையோ?"

"அப்பிடிக் குடைஞ்சு கேக்கக்கூடாது. அவையின்ர பழக்கம் அது. உங்களுக்கு விளங்காது."

அன்ரன் எழும்பிப் போனார். அவருக்கு விளங்கியிருந்தது.

வசந்தத்தில் ஒரு வியாழன். இங்கர் மேசையில் பூப்போட்ட வாழ்த்து அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தார். பேனா ஒன்றும் முகவரிப் புத்தகமும். டேனிஷ்காரர் பிறந்தநாளை மறப்பதில்லை. ஒருவர் செய்த நன்மையையும் பதில் செய்யாமல் விடுவதில்லை. நான் குடுவையைத் திறந்துகொண்டிருந்தேன்.

"உன் அம்மாவுக்கு இப்போது என்ன வயது?" என்று கேட்டார். "பிறந்தநாள் எப்போது? ஒரு அட்டை எழுத வேண்டும். எனக்கு அவர் செய்தது சின்ன உதவியில்லை. நீ மொழிபெயர்த்துச் சொல்லு, நான் பார்த்துத் தமிழ் எழுத்தை வரைகிறேன்."

குடுவையின் மூடி என் கையில் இருந்தது. ஒரு பொய் சொல்லலாம் என்று தோன்றியது. அறுபத்தொன்று, ஆவணி மாதம் என்று சொல்லி, முகவரிக்கு ஒன்றுவிட்ட அண்ணனின் வீட்டை எழுதி, அட்டையை அனுப்பிவிடலாம். கடிதங்கள் அப்போது யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேருவதும் இல்லை. அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வாயில் வந்து நின்றது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"அம்மா இல்லை" என்றேன்.

"எப்போது?"

"நாங்கள் டென்மார்க்குக்குப் போக முந்திய வருடம்."

"எதனால்?" அவர் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

"அதனால்தான்."

இங்கர் பேனாவை மூடினார். அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. அந்த நூல் அளவு விலகலைக் கண்டுபிடிக்கப் பழகிய நான் அன்று பார்த்தேன். விலகல் இல்லை, முகமே இல்லை. "இன்றைக்கு நான் கொஞ்சம் களைத்திருக்கிறேன்" என்றார். எழுந்து என் மேற்சட்டையை எடுத்துத் தந்தார். வாசலில் அடுத்த வியாழனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அன்ரனிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை; கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "அந்த மனிசி ஆஸ்பத்திரிக்குப் போகேல்லை, ரெஜினா" என்றார். "இவ்வளவு நாளும் போகேல்லை. நாளைக்கு விடிய நீர் போம். அவவின்ர பழக்கம், எங்கட பழக்கம் எல்லாத்தையும் விட்டிட்டுப் போய்க் கேளும்."

மறுநாள் கடைக்கு வரவில்லை என்று அறிவித்துவிட்டு, காலை எட்டரைக்கு, சொல்லாமல் கொள்ளாமல், இங்கரின் கதவைத் தட்டினேன். மணியை அழுத்தினேன். திறக்கவில்லை. பின்பக்கம் சுற்றிப் போய்ச் சமையலறை யன்னலைத் தட்டினேன். வீட்டு அங்கியோடு, தலை வாராமல், அவர் வந்து நின்றார். அவரை அப்படி நான் கண்டதில்லை.

"இன்றைக்கு வெள்ளிக்கிழமை" என்றார்.

"தெரியும். ஒப்பரேசன் செய்தார்களா, இல்லையா?"

அவர் கதவைத் திறந்துவிட்டுக் கதிரையில் இருந்தார். பிறகு எல்லாம் வந்தது, ஆறு மாதமாக அடைத்திருந்தது போல. திகதி கொடுத்தார்கள்; அவர் தொலைபேசியில் ரத்துச் செய்தார். மறுபடி கொடுத்தார்கள், மறுபடி ரத்து. "ஸ்வெனை அவர்கள் மூன்று முறை வெட்டினார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவான ஸ்வென் வீட்டுக்கு வந்தான். எனக்கு அது வேண்டாம் என்று இருந்தேன். அப்போது நீ அந்தப் போத்தலோடு வந்தாய். இதே வருத்தம், அம்மா குடித்தார் என்றாய். நான் நினைத்தேன்..." அவர் அங்கியின் பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "நீ சொல்லியிருக்கலாம்" என்றார்.

"நீ கேட்டிருக்கலாம்" என்றேன். சொன்ன உடனே அதை வாபஸ் வாங்க வேண்டும் போல இருந்தது. என் அம்மாவுக்குப் போக றோட்டு இல்லை, அதனால் கசாயம். இவருக்கு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஒரு தடையும் இல்லாத றோட்டு இருந்தது, அதன் நடுவில் நான் போய் நின்றேன் என்று சொல்ல நினைத்தேன். டேனிஷில் அவ்வளவு வசனம் என்னிடம் இல்லை. குனிந்து அவருடைய காலைப் பிடித்தேன். அது டேனிஷ் முறையும் அல்ல. அவர் பதறிப்போய், "எழும்பு, எழும்பு" என்றார். பிறகு என் தலையில், எப்படி வைப்பதென்று தெரியாதது போல, கையை வைத்தார்.

அன்றைக்கே அன்ரன் காரில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். திகதியில்லாமல் வந்ததால் நாலு மணித்தியாலம் காத்திருந்தோம். இங்கர் தன் வாழ்நாளில் முதல்முறையாக வரிசையில் நிற்காமல் போய்க் கேள் என்று என்னை அனுப்பினார். பரிசோதித்த டொக்டர் இளம் பெண். என்ன குடித்தீர்கள் என்று கேட்டு ஒவ்வொரு செடியின் பெயரையும் என்னிடம் எழுதி வாங்கினார். ஏசவில்லை. ஒரு மாதத்துக்குள் வெட்டினார்கள். மருந்து ஏற்றினார்கள். ஆனால் அதற்கு முதலே அது முள்ளந்தண்டுக்குப் போயிருந்தது. முதல் திகதியிலேயே வந்திருந்தால் என்று நான் டொக்டரிடம் கேட்டேன். "அதை இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது" என்றார். கருணையான பதில். அந்தக் கருணையைத் தூக்கிக்கொண்டு நான் இன்னும் திரிகிறேன்.

கடைசி ஐந்து மாதமும் நான் ஒவ்வொரு நாளும் போனேன். வியாழன், மூன்று மணி என்ற கணக்கெல்லாம் போய்விட்டது. நாங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டோம். எங்கே நோகிறது, இரவு நித்திரை வந்ததா, மலம் போனதா, பயமாக இருக்கிறதா. "பயமாக இருக்கிறது" என்று ஒருநாள் சொன்னார். என் அம்மாவிடம் நான் கேட்காத கேள்வி அது. கசாயத்தைப் பற்றி அதன்பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னித்தாரா என்று தெரியாது. அதை மட்டும் நான் கேட்கவில்லை.

இங்கர் இறந்த மறுநாள் லார்ஸ் பேர்த்திலிருந்து வந்து சேர்ந்தார். உயரமான, வெயிலில் கறுத்த மனிதர். தாயின் சமையலறையில் இருந்துகொண்டு, "அம்மா உங்களைப் பற்றி எழுதிக்கொண்டே இருப்பா. உங்களுடைய மூலிகைத் தேநீரைப் பற்றிக்கூட எழுதினா. ரொம்ப நன்றி" என்றார். அடக்கப் பூசையில் டேனிஷில் ஒரு ஜெபம் சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம், தனக்கு நாலைந்து சொல்தான் தெரியும், 'பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே' என்ற பரலோக மந்திரத்தை நான் சொல்ல முடியுமா என்றும் கேட்டார். யூலாந்தில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் ஞாயிறுதோறும் சொன்னதுதான், சொல்கிறேன் என்றேன். பிறகு, நன்றியை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், எல்லாவற்றையும் சொன்னேன். கசாயம், என் அம்மா, ரத்தான திகதிகள், வாழ்த்து அட்டை. ஆங்கிலத்தில் சொன்னபோது அது ஒரு பொலிஸ் வாக்குமூலம் போல ஒலித்தது.

லார்ஸ் எழுந்து வெளியே போனார். கார்மேல் கையை ஊன்றி, முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். யன்னலால் பார்த்தேன். உருளைக்கிழங்குப் பாத்தியில் செடிகள் வாடிக் கிடந்தன. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "நானும் மாதம் ஒருமுறை போன் எடுப்பேன்" என்றார். "எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பேன். நல்லாயிருக்கிறேன் என்பா. அதற்குமேல் நானும் கேட்டதில்லை." பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு, "ஜெபத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். வேறு ஆள் இல்லை" என்றார். அதைத் தவிர அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும்.

சிற்றாலயத்தில் இருபது பேர்கூட இல்லை. ஸ்வெனோடு வேலை செய்த இரண்டு கிழவர்கள், தெருக்காரர் சிலர், கடைசியில் பார்த்த தாதி, லார்ஸ், நாங்கள் மூவர். டேனிஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நிரோஷிக்கு அது மறந்தேபோய்விட்டது. அன்ரன் மறக்கப் பாடுபட்டு மறந்தவர். நான் முன்னால் போய் நின்று, பெட்டியைப் பார்க்காமல், தொடங்கினேன். தடையில்லாமல் வந்தது, பரலோகமும் நாமமும் இராச்சியமும் அன்றன்றாட அப்பமும். குற்றங்களைப் பொறுக்கச் சொல்லிக் கேட்கும் இடம் வந்தது. அந்த மொழியில் குற்றத்துக்கு உள்ள சொல் என் வாய்வரை வந்து நின்றது. அதற்குமேல் நகரவில்லை. எத்தனை வினாடி என்று தெரியாது, யாரோ இருமினார்கள். பிறகு என் வாய் தானாகத் திறந்து, அந்த வரியைத் தமிழில் சொன்னது. மிச்சத்தையும் தமிழிலேயே சொல்லி முடித்தேன், அம்மாவின் பெட்டியடியில் சொன்ன அதே இழுவையோடு.

அன்ரன் தலை நிமிர்ந்து பார்த்தார். மற்றவர்கள் குனிந்தபடியே ஆமென் சொன்னார்கள். நான் இடத்துக்குத் திரும்பும்போது லார்ஸ் என் பக்கம் பார்த்து மெல்லத் தலையசைத்தார். தொடக்கம் முதல் முடிவுவரை தன் தாயின் மொழியைத்தான் கேட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும்.